செவலை ஏன் தீனியை விட்டது?

"பார்த்துக்கிட்ட ஆள் போனதிலிருந்து குதிரை ஏங்கிப் போச்சு டாக்டரம்மா. தீனி எடுக்க மாட்டேங்குது. ஏதாவது ஊசி இருக்கா?"

பெங்களூரில் சர்ஜாபுரத்தைத் தாண்டி உள்ள ஒரு குதிரைச் சவாரிப் பள்ளியின் மேலாளர் போனில் கேட்டது இது. ஏக்கத்துக்கு ஊசி கிடையாது. ஆனால் தீனியை விட்ட குதிரையை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடவும் முடியாது. புல் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் குதிரையின் குடல் ஒழுங்காக ஓடும். தடுமாறினால் சூலை வரும். நம் லாயங்களில் காலிக் என்பார்கள். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. சாதாரண வயிற்றுவலி என்று விட்ட குதிரை மறுநாள் காலை உயிரோடு இல்லை என்ற கதைகள் எல்லா லாயத்திலும் உண்டு.

பள்ளியின் பெயரும் ஆட்களின் பெயரும் இந்தக் குறிப்பில் வராது. குதிரைக்கு மட்டும் அதன் ஆள் வைத்த பெயர் இருக்கட்டும்: செவலை.

குதிரையும் ஆளும்

செவலை தரோபிரெட் ஜாதி. காயடித்த ஆண். வயது 11. பந்தயப் பதிவேட்டில் நீட்டி முழக்கிய ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு, லாயத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. பெங்களூரிலும் மைசூரிலும் ஓடி, முன்னங்காலில் தசைநாண் கிழிந்து, 5 வயதிலேயே பந்தயத்தை விட்டது. ஓட முடியாத பந்தயக் குதிரைக்கு நம் நாட்டில் போக்கிடம் குறைவு. சவாரிப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது அதன் அதிர்ஷ்டம். கால் ஆறியபின், பிள்ளைகளுக்கு உட்காரவும் கடிவாளம் பிடிக்கவும் கற்றுக்கொடுக்கிற நிதானமான குதிரையாகி ஆறு வருடம் போய்விட்டது.

அந்த ஆறு வருடமும் பார்த்துக்கொண்டவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பாவும் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் சைஸாக, அதாவது குதிரையைப் பராமரிக்கும் ஆளாக, இருந்தவர். இவர் மீசை முளைக்கும் முன்பே லாயத்துக்கு வந்துவிட்டார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து சாணி அள்ள வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், மாலிஷ் போட வேண்டும், குளம்பைக் குடைந்து சுத்தம் செய்து சேணம் பூட்டிக் கொடுக்க வேண்டும். ஏறி உட்காருவது வேறு யாரோ. எல்லோரும் அவரைப் பெரியவர் என்றார்கள், நான் முகத்துக்கு நேரே அண்ணா என்றேன். செவலை மீது அவர் ஒரு நாளும் ஏறியதில்லை. "எனக்கு எதுக்கும்மா? நான் அதுகூட நடப்பேன்" என்பார்.

பெங்களூர்க்காரரான ஃபவாத் மிர்ஸா 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளி வாங்கினார். குதிரையேற்றத்தில் 1982-க்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தனிநபர் பதக்கம். அவர் பெயர் பத்திரிகையில் வந்தது, செயின்யோர் மெடிகாட் என்ற குதிரையின் பெயரும் வந்தது. லாயத்தில் நின்றவர் யார் என்று எங்களைப் போல உள்ளே போய் வருபவர்கள்தான் கேட்பார்கள்.

முதுகுவலி தாங்காமல் பெரியவர் வேலையை விட்டு ஓசூரில் மகள் வீட்டுக்குப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் ராஜஸ்தான் இளைஞர். கெட்டிக்காரர். குதிரையின் பின்பக்கம் சுற்றிப் போகும்போது கையை அதன் முதுகிலிருந்து எடுக்காமல் போகும் பழக்கம் அவருக்கு இருந்தது. அதட்டாமலே குளம்பைத் தூக்க வைத்தார். இதை இங்கே சொல்லக் காரணம், பழி அவர் தலையில் விழ இருந்தது.

நடந்தது என்ன

முதல் வாரத்தில் செவலை ஓட்ஸை மிச்சம் வைத்தது. இரண்டாம் வாரம் கொள்ளையும் விட்டது. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று சொல்வோமே, இது கொள்ளுக்கே வாயை மூடிக்கொண்டது. மூன்றாம் வாரத்திலிருந்து சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வந்தது. அதுவரை அப்படிச் செய்ததே இல்லை. ரோமம் மங்கியது. தீனி தின்ற கொஞ்ச நேரத்தில் முன்னங்காலால் தரையைப் பிறாண்டி விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது இரண்டு முறை நடந்தது. அரை மணி நேரத்தில் தானே சரியாகிவிட்டதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்பைச் சுற்றி நாடா வைத்து அளந்து கணக்கிட்ட எடை ஏழு வாரத்தில் 462 கிலோவிலிருந்து 428-க்கு இறங்கியிருந்தது.

இதற்கிடையில் மேலாளர் பெரியவரை ஓசூரிலிருந்து வரவழைத்தார். குதிரை அவர் குரலைக் கேட்டதும் அரைக்கதவுக்கு வந்து அடித்தொண்டையில் குமுறியது. அவர் கையிலிருந்து புல்லை வாங்கித் தின்றது. யாரோ எடுத்த வீடியோ மாணவர்களின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. அழுத முகங்கள், இதயங்கள். அதோடு நோய் என்ன என்பதில் எல்லோருக்கும் ஒரே முடிவு: ஏக்கம். பெரியவருக்கும் அதே எண்ணம்தான். "நான் போயிருக்கக் கூடாது" என்று என்னிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வீடியோவை நான் வேறு காரணத்துக்காகத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பெரியவர் ஒரு கையில் உலர்புல்லும் இன்னொரு கையில் ஓட்ஸும் வைத்திருந்தார். செவலை புல்லைத் தின்றது. ஓட்ஸை முகர்ந்துவிட்டு உதட்டால் ஒதுக்கியது. உயிராக நினைக்கும் ஆளின் கையிலிருந்தும் அது ஓட்ஸை வாங்கவில்லை.

ஏங்கும் குதிரை எல்லாத் தீனியிலும் சுணங்கும். புல்லைத் தின்று தானியத்தை மட்டும் ஒதுக்கினால் முதலில் இரைப்பையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பரிசோதனை

ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 46. வளர்ந்த குதிரைக்கு 28 முதல் 44 வரை இயல்பு; கொஞ்சம் கூடுதல். காய்ச்சல் இல்லை. ஈறு இளஞ்சிவப்பாக ஈரமாக இருந்தது. குடல் சத்தம் நான்கு பக்கமும் கேட்டது, இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் மந்தம்.

மெலியும் குதிரை என்றால் வரிசையாகப் பார்த்துத் தள்ள வேண்டியவை சில உண்டு. பல் முதலில்: கடைவாய்ப் பற்களின் ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழித்தால் மெல்லவே முடியாது. இதற்கு லேசான கூர் இருந்தது, அரம் போட்டுத் தேய்த்துவிட்டேன், காயம் இல்லை. சாணத்தில் புழு முட்டை மிகக் குறைவு. நம் ஊரில் சர்ராவை மறக்கவே கூடாது. கடிக்கும் ஈக்கள் பரப்பும் டிரிபனோசோமா நோய், குதிரையை எலும்பும் தோலுமாக்கிவிடும். அதற்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் ரத்தம் எடுத்தேன். இரண்டும் இல்லை என்று வந்தது. ஈரல், சிறுநீரகம் சரி.

ஏக்கம் என்ற வாதத்தையும் நான் தட்டிவிடவில்லை. பிரான்சில் சவாரிப் பள்ளிக் குதிரைகளை வைத்து 2012-ல் வந்த ஓர் ஆய்வு மனச்சோர்வை ஒத்த நிலையை விவரிக்கிறது. கழுத்து முதுகு மட்டத்தில் நீண்டு நிற்கும், கண் திறந்தே இருக்கும், காது அசையாது, பக்கத்தில் யார் வந்தாலும் கவனிக்காது. அப்படி உறைந்து நிற்கும் குதிரைகளை நானும் பார்த்திருக்கிறேன். செவலை அப்படி இல்லை. வாளிச் சத்தத்துக்குக் காது திரும்பியது, லாயத்துப் பூனையைத் தலை தாழ்த்திப் பார்த்தது. முகத்தில் வேறு ஒன்று தெரிந்தது: கண்ணுக்கு மேலே இறுக்கம், தாடைத் தசை புடைப்பு, மூக்குத் துவாரம் விறைப்பு, காது சற்றே பின்னால். குதிரையின் முகத்தை வைத்து வலியை மதிப்பிட 2014-ல் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் முன்வைத்த அளவுகோலில் இவை எல்லாம் உண்டு. வலி என்றே எனக்குப் பட்டது.

லாயத்தில் கேமரா இருந்தது. முந்தைய பத்து நாள் இரவுப் பதிவுகளைக் கேட்டு வாங்கி வேகமாக ஓட்டிப் பார்த்தேன். எந்த இரவை எடுத்தாலும் ஒரே கதை. மாலை நாலரைக்குப் போட்ட புல் எட்டு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். எட்டரைக்குத் தரையை நக்கிப் பொறுக்கும். பத்து மணிவாக்கில் கதவுக்கு வந்து, நடைபாதையின் வடக்குக் கோடியைப் பார்த்தபடி வெகுநேரம் நிற்கும். நள்ளிரவுக்குப் பிறகு கதவின் மேல்விளிம்பைப் பல்லால் கவ்வி, கழுத்தை வளைத்து, காற்றைத் தொண்டைக்குள் இழுக்கும். இரண்டு மணி சுமாருக்கு மறுபடி வடக்குப் பக்கம் பார்த்தபடி நிற்கும். விடியும்வரை ஒரு தடவைகூடப் படுக்கவில்லை.

வடக்குக் கோடியில்தான் பெரியவர் தங்கியிருந்த அறை. மேலாளர் இதைப் பார்த்ததும், "பாருங்க, அவரைத் தேடுது" என்றார். தேடியது உண்மைதான். ஆனால் அதென்ன பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் மட்டும்?

கணக்கில் வராத புல்

பெரியவர் அடுத்த தடவை வந்தபோது நானும் இருந்தேன். செவலையின் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, லாயத்து இந்தியில் புதியவரைக் கேட்டார்: ராத்திரி புல்லு எப்போ போடுறே?

"ராத்திரியா? சார்ட்ல அப்படி ஒண்ணும் இல்லையே சாச்சா."

பெரியவர் வாயை மூடிக்கொண்டார். மேலாளர் அந்தப் பக்கம் நகர்ந்த பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "நான் பத்து மணிக்கு ஒரு அணைப்புப் புல்லு போடுவேன்மா. ரெண்டு மணிக்கு ஒண்ணுக்குப் போக எந்திரிப்பேன், அப்போ ஒரு பிடி. ஸ்டோர்ல கட்டு எண்ணித்தான் குடுப்பாங்க. உடைஞ்ச கட்டுல சிந்தினதைப் பொறுக்கி வெச்சிருப்பேன். வாட்ச்மேனுக்குத் தெரியும். காலையில சேணம் போடறதுக்கு முன்னாடி குதிரைமசால் தழை ரெண்டு கை. அது என் காசு. ரோட்டோரத்துல ஒரு விவசாயிகிட்ட வாங்குவேன். வெறும் வயித்துல வேலைக்கு அனுப்புறது பாவமில்லையா?"

அட்டவணையை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். காலை 5 மணிக்கு அடர்தீவனம், அதாவது ஓட்ஸ், கொள்ளு. ஆறரைக்குச் சவாரி. 9 மணிக்கு முதல் புல். 11 மணிக்கு மறுபடி அடர்தீவனம். நாலரைக்கு அடர்தீவனமும் இரண்டாவது புல்லும். நாளுக்கு மொத்தம் 5 கிலோ உலர்புல். இரவு எட்டு மணியிலிருந்து காலை 9 வரை 13 மணி நேரம் செவலையின் வாயில் புல் இல்லை. அந்த 13 மணி நேரத்துக்குள் ஒரு முறை வெறும் தானியம், ஒரு முறை சவாரி.

குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு மிகச் சிறியது, 8 முதல் 15 லிட்டர். நமக்குச் சாப்பாட்டை ஒட்டி அமிலம் கூடும். அதற்கு இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். அமிலத்தை மட்டுப்படுத்துவது எச்சில். எச்சிலோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். நாளெல்லாம் மேயும் பிராணிக்கு இது பொருத்தமான ஏற்பாடு. லாயத்தில் கட்டி, கட்டு எண்ணிப் புல் போட்டால் அதுவே வினை. இரைப்பையின் மேல்பாதிச் சுவருக்குப் பாதுகாப்புப் படலம் கிடையாது. ஓடும்போது வயிற்றின் அழுத்தம் கூடி, கீழே கிடக்கும் அமிலம் மேல்பாதியில் தெறிக்கும். தானியத்தின் மாவுச்சத்து நொதித்து உண்டாகும் அமிலங்களும் சேர்ந்துகொள்ளும். சவாரிக்கு முன் கொஞ்சம் புல் உள்ளே இருந்தால், அது அமிலத்தின் மேல் மெத்தையாக மிதந்து தெறிப்பைத் தடுக்கும். குதிரைமசாலில் உள்ள சுண்ணாம்புச்சத்து அமிலத்தையும் தணிக்கும்.

பெரியவருக்கு இதில் எதுவும் தெரியாது. இரவு எத்தனை மணிக்குக் குதிரை கதவை உதைக்கும் என்பது தெரியும். போட்டால் உதைக்காது என்பதும் தெரியும்.

சந்தேகத்தை உறுதிப்படுத்த எண்டோஸ்கோப் வரவழைத்தோம். முந்தின இரவிலிருந்து தீனியை நிறுத்தி, சைலசின் மயக்கத்தில், மூக்கு வழியாக மூன்று மீட்டர் குழாயை இறக்கினோம். மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் கோட்டை ஒட்டி, மஞ்சள் படிந்த சிவந்த புண்கள் நீளமாகத் தெரிந்தன. 0 முதல் 4 வரையிலான தர வரிசையில் 3. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ராஜஸ்தான் இளைஞர் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

சிகிச்சை

அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல், கிலோ எடைக்கு 4 மில்லிகிராம், நாளுக்கு ஒரு வேளை, 28 நாள். விடியற்காலை வெறும் வயிற்றில் கொடுத்து, அரை மணி நேரத்துக்குமேல் பொறுத்துப் புல். குதிரைக்கென்றே வரும் பசையைத்தான் கொடுத்தோம். மனிதர்களுக்கான மாத்திரையைப் பொடித்துத் தீனியில் கலக்கும் வழக்கம் சில லாயங்களில் உண்டு. இரைப்பை அமிலம் பட்டால் அந்த மருந்து சிதைந்துவிடும், பூச்சை உடைத்துக் கொடுப்பதும் கொடுக்காததும் ஒன்றுதான். வலிநிவாரண ஊசிகள் வேண்டாம் என்றேன், அவை புண்ணை மோசமாக்கலாம். முதல் இரண்டு வாரம் சவாரி கிடையாது, கையில் பிடித்து நடத்துவது மட்டும்.

புல் 9 கிலோவானது. குதிரைக்கு உலர்நிலையில் குறைந்தது அதன் எடையில் ஒன்றரை சதவீதம் புல் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. செவலைக்கு அதுவே சுமார் ஆறரைக் கிலோ, அதோடு இழந்த எடையையும் ஏற்ற வேண்டும். ஓட்ஸைப் பாதியாக்கினோம். இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் புல் போடுவது வாட்ச்மேன் பொறுப்பு. சிறு கண்ணுள்ள வலைப்பையில் போட்டுத் தொங்கவிட்டால் உருவி உருவித் தின்ன நேரமாகும், ஒரு வேளைப் புல் இரட்டிப்பு நேரம் வரும்.

ஐந்தாம் நாள் செவலை ஓட்ஸை மிச்சமில்லாமல் தின்றது. பெரியவர் அந்த இரண்டு வாரமும் வரவில்லை, முதுகுவலியில் படுத்திருந்தார்.

அப்படியானால் பாசம்?

மேலாளருக்கு இப்போது எதிர்ப்பக்கம் சாய ஆசை. "அப்போ ஏக்கமெல்லாம் சும்மா, அல்சர்தான், அப்படித்தானே?" என்றார். அப்படிச் சொன்னால் கதையில் பாதி போய்விடும்.

பெரியவர் போன அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்திருந்தது, எனக்குத் தாமதமாகத்தான் சொன்னார்கள். வேலை வசதிக்காகச் செவலையை வேறு வரிசைக்கு மாற்றியிருந்தார்கள். பழைய அறைக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டுப் போனி. கம்பித் தடுப்பின் வழியே இரண்டும் ஒன்றின் கழுத்தை ஒன்று பல்லால் சுரண்டிவிட்டுக்கொள்ளும். புதிய அறையில் இரண்டு பக்கமும் சுவர். சிகிச்சையின் மூன்றாவது வாரத்தில் செவலையைப் பழைய அறைக்குக் கொண்டுபோனோம். இரண்டாம் இரவு கேமராவில் அது காலை மடக்கிப் படுத்தது. பின்னிரவில் பக்கவாட்டில் நீட்டிப் படுத்துத் தூங்கியது. குதிரை நின்றபடி அரைத்தூக்கம் தூங்கும், ஆனால் கண்கள் துடிக்கும் ஆழ்தூக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். காவலுக்கு இன்னொரு குதிரை அருகில் இல்லாவிட்டால் பல குதிரைகள் படுக்கத் துணிவதில்லை. வயிறு ஆறிய பிறகும் தூக்கம் வராமல் இருந்தது, போனி பக்கத்தில் வந்ததும் வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்திருந்தால் எது எதனால் என்று பிரித்திருக்க முடியாது.

மீதி இருப்பது அந்த மனிதர். முதுகு தேறி அவர் வந்த அன்று, செவலையின் இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு நின்றேன். துடிப்பு 42. அவர் பிடரி முடியும் இடத்து மேட்டில் விரல் நகங்களால் அழுத்திச் சொறிய ஆரம்பித்தார். செவலையின் மேலுதடு நீண்டு துடித்தது, கழுத்து தாழ்ந்தது. இரண்டு நிமிடத்தில் 35. குதிரைகள் ஒன்றுக்கொன்று சுரண்டிவிடும் இடம் அது. அந்த இடத்தில் சொறிந்தால் இதயத்துடிப்பு குறைகிறது என்பது 1993-லேயே பிரான்சின் காமார்க் குதிரைகளிடம் அளந்து காட்டப்பட்டது.

சரி, கை யாருடையது என்பதில் வித்தியாசம் உண்டா? ராஜஸ்தான் இளைஞரைக் கூப்பிட்டு அதே இடத்தில் சொறியச் சொன்னேன். முதலில் தடவினார். பெரியவர், "தடவாதே, நகத்தைப் போடு" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். துடிப்பு 37. எண்களை வைத்துப் பார்த்தால் பெரிய வேறுபாடு இல்லை. பழகிய ஆளோடும் அந்நியரோடும் பயமூட்டும் பாதையைக் கடக்க வைத்துப் பார்த்த ஆய்விலும் குதிரையின் துடிப்பில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஆளை அதற்கு அடையாளம் தெரியாது என்று இதற்குப் பொருளில்லை. கோபமான முகத்தைப் படத்தில் பார்த்த குதிரையின் துடிப்பு வேகமாக ஏறியதை 2016-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் காட்டினார்கள். படத்தில் முறைத்தவர் யார், சிரித்தவர் யார் என்பதைச் சில மணி நேரம் கழித்து நேரில் கண்டபோது குதிரைகள் நினைவில் வைத்திருந்ததை 2018-ல் காட்டினார்கள். செவலையும் என் அனுபவத்தில் அடித்தொண்டைக் குமுறலைப் பெரியவருக்கு மட்டுமே கொடுத்தது, எனக்கு ஒரு நாளும் கொடுத்ததில்லை. ஊசி போடுகிறவளுக்கு யார் கொடுப்பார்கள்?

என் கருத்து இது. அந்தக் குமுறல் உண்மை. அதற்குப் பின்னால் இருந்தது ஆறு வருடத்து இரவுப் புல்லும், நகத்தால் சொறிய வேண்டிய இடமும், வாரைப் படிப்படியாக இறுக்கும் பொறுமையும். பெரியவரின் பாசத்தில் பாதி புல்லாக இருந்தது, அதுவும் ஒளித்துக் கொடுத்த புல். கட்டு எண்ணிக் கொடுக்கும் நிர்வாகத்தில் அக்கறையைத் திருட்டுத்தனமாகக் காட்ட வேண்டியிருந்ததால் அது எந்த அட்டவணையிலும் ஏறவில்லை. ஆள் போனதும் கூடவே போய்விட்டது. புதியவர் அட்டவணையில் உள்ளதை ஒன்றுவிடாமல் செய்தார். குதிரை நோயில் விழுந்தது அதனால்தான். 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் போதிய தீனி கொடுக்கச் சொல்கிறது, எந்த மணிக்கு என்று சொல்வதில்லை.

பெரியவர் பக்கமும் ஒன்று இருக்கிறது. ஓசூர் வீட்டில் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்து வாசலில் உட்கார்ந்துகொள்வதாக அவர் மகள் என்னிடம் போனில் சொன்னார். "அப்பாவுக்கு ஏதாவது மாத்திரை எழுதுவீங்களா?" என்று கேட்டார். நான் மாட்டு, குதிரை டாக்டர் என்றேன். சிரித்தார். குதிரை தீனி எடுப்பதையும், அது நோயானது அவர் விட்டுப்போனதால் மட்டும் இல்லை என்பதையும் அவரிடம் விளக்கமாகச் சொல்லச் சொன்னேன். ஏங்கியே செத்துவிடும் என்ற வாட்ஸ்அப் வசனங்கள் அந்த மனிதரை எவ்வளவு அறுத்திருக்கும் என்பதை அனுப்பியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

இப்போதைய நிலை

28-ம் நாள் மறுபடி குழாய் விட்டுப் பார்த்ததில் புண்கள் ஆறியிருந்தன. கோட்டோரம் மட்டும் தோல் சற்றுத் தடித்து, தரம் 1. எடை 447. வயிற்றுவாரை இறுக்கும்போது கடிக்க வருவது நின்றுவிட்டது. கதவைக் கவ்விக் காற்றை இழுப்பது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அது ஒரு தடவை பிடித்துக்கொண்டால் காரணம் தீர்ந்த பிறகும் விடுவது அரிது. கழுத்துப் பட்டை போட்டுத் தடுக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன், அந்தக் குதிரைக்கு அதில் ஏதோ ஆறுதல் இருக்கிறது.

என் வற்புறுத்தலில் அதே லாயத்தின் வேறு மூன்று குதிரைகளுக்கும் எண்டோஸ்கோப் பார்த்தோம். ஆள் மாறாத, யாரையும் பிரியாத, நன்றாகத் தின்னும் குதிரைகள். இரண்டில் தரம் 2 புண். அதன் பிறகுதான் இரவுப் புல் எல்லாக் குதிரைக்கும் என்று ஆனது. அட்டவணையைப் பெரியவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எந்தக் குதிரைக்குத் தண்ணீர் வாளியை எந்த மூலையில் வைக்க வேண்டும் என்பதுவரை அதில் இருக்கிறது. மாதம் ஒரு நாள் ஓசூரிலிருந்து வந்து புதிய சைஸ்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவருக்குச் சம்பளமும் பஸ் செலவும் பேசி முடித்தாகிவிட்டது.

குதிரைமசாலுக்கு மட்டும் நிர்வாகம் இன்னும் பணம் ஒதுக்கவில்லை. அது கூடுதல் செலவாம். ராஜஸ்தான் இளைஞர் இப்போது தன் சம்பளத்தில் அதே விவசாயியிடம் வாங்குகிறார் என்று வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும். அதனால் போன வாரம் என் மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன்: குதிரைமசால், அரைக் கிலோ, சவாரிக்கு அரை மணி நேரம் முன்பு, தினமும், தொடர்ந்து. மருந்து என்றால் பில்லுக்குப் பணம் கொடுத்துவிடுவார்கள்.